கிளாசிக் உருவத்தில் புது பைக்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட்ட ஹெட்லைட், உருண்டு சரிந்த டேங்க், இரும்பு மட்கார்டு, நிமிர்ந்து உட்காரும் சீட். இந்த உருவத்தில் புதிதாக ஒரு வண்டி எடுக்க நினைக்கும் தம்பிமார்களும், ஐம்பதைத் தாண்டிய அண்ணன்மார்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு என் பதில்கள் இவை. விலையை மட்டும் ஷோரூமில் அன்றன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள், அது மாறிக்கொண்டே இருக்கிறது.

உருவம் பிடித்திருக்கிறது என்பதற்காகவே ஒரு வண்டி வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பத்து வருஷம் வீட்டு வாசலில் நிற்கப்போகிற பொருள், பார்க்கும்போதெல்லாம் பிடித்திருக்க வேண்டும். "இந்தக் காசுக்கு ரெண்டு ஸ்கூட்டர் வாங்கலாமே" என்று வீட்டில் சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் வருஷக்கணக்காக மனசில் கிடந்த ஆசைக்கு அந்தக் கணக்கு பதில் ஆகாது.

ஆனால் இந்த உருவம் இன்றைக்கு ஏழெட்டு கம்பெனி வண்டிகளில் கிடைக்கிறது. அதனால் உருவத்தை வைத்து எந்த வண்டி என்று முடிவு செய்ய முடியாது. பின்னால் யார் உட்காரப்போகிறார்கள், எடை உங்களுக்குத் தாங்குமா, இன்ஜின் உங்கள் ரோட்டுக்கு ஒத்துவருமா என்பதுதான் முடிவு செய்யும். இதில் முதலாவதைத்தான் நம் ஆட்கள் கடைசியில் யோசிக்கிறார்கள்.

இப்போது புதிதாக என்னென்ன கிடைக்கின்றன?

ராயல் என்ஃபீல்டில் புல்லட் 350, கிளாசிக் 350, ஹண்டர் 350, மீட்டியார் 350 எல்லாவற்றுக்கும் ஒரே 349 சிசி இன்ஜின். 2020-ல் மீட்டியாரில் முதலில் வந்தது. கிளாசிக்குக்கு 2021-லும், ஹண்டருக்கு 2022-லும், புல்லட்டுக்கு 2023-லும் போட்டார்கள். ஹோண்டாவில் ஹைனஸ் சிபி350, அதன் கூடப்பிறந்த சிபி350. பழைய பெயர்களில் ஜாவாவும் யெஸ்டியும் உண்டு. மைசூரில் ஐடியல் ஜாவா ஃபேக்டரி 1996-ல் மூடிய பிறகு பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது, ஜாவா 2018-லும் யெஸ்டி 2022-லும் திரும்பி வந்தன. பஜாஜ் தயாரிக்கும் டிரையம்ப் ஸ்பீடு 400, ஹீரோ தயாரிக்கும் ஹார்லி எக்ஸ்440 இரண்டும் 2023-ல் வந்தவை. எடை குறைவாக வேண்டுமென்றால் டிவிஎஸ் ரோனின், கவாசாகி டபிள்யூ175. பெரிய வண்டி என்றால் இன்டர்செப்டர் 650, கிளாசிக் 650, பிஎஸ்ஏ கோல்டு ஸ்டார்.

டிவிஎஸ் என்ற பெயரின் வேர் நம் ஊரில்தான். 1911-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனம் அது. அந்தப் பாசம் நமக்கு இருப்பது நியாயம், ஆனாலும் ரோனினை அதன் தகுதிக்காகப் பாருங்கள். 225.9 சிசியில், 160 கிலோவை ஒட்டிய எடையில், ஊருக்குள் ஓட்ட அது நல்ல வண்டி.

350 என்றால் எல்லாம் 350-தானே? ஓட்டுவதில் என்ன பெரிய வித்தியாசம்?

நிறைய வித்தியாசம் இருக்கிறது. சிசி என்பது சிலிண்டருக்குள் இருக்கும் இடத்தின் அளவு. அந்த இடம் ஒல்லியாக நீளமாக இருக்கிறதா, குட்டையாக அகலமாக இருக்கிறதா என்பதில்தான் வண்டியின் குணம் இருக்கிறது.

கிளாசிக் 350-ல் சிலிண்டர் விட்டம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 85.8. ஹோண்டா சிபி350-ல் 70-க்கு 90.5. இரண்டும் நீள ஸ்ட்ரோக் இன்ஜின்கள். மெதுவாகச் சுற்றும்போதே இழுவை வந்துவிடும். ஹோண்டாவின் முழு இழுவையான 30 நியூட்டன் மீட்டர் நிமிஷத்துக்கு 3,000 சுற்றிலேயே கிடைக்கிறது, கிளாசிக்கின் 27 நியூட்டன் மீட்டர் 4,000 சுற்றில். கோரிப்பாளையம் சிக்னலில் இருந்து சிம்மக்கல் வரைக்கும் நெரிசலில் ஊர்ந்து போகும்போது அடிக்கடி கியர் மாற்ற வேண்டாம் என்பது இதனால்தான். நிதானமாக, விட்டு விட்டு வரும் அந்த 'டுப் டுப்' சத்தமும் குறைந்த சுற்றில் ஓடும் ஒற்றை சிலிண்டரிலிருந்து வருவதுதான்.

டிரையம்ப் ஸ்பீடு 400 நேரெதிர். விட்டம் 89, ஸ்ட்ரோக் 64. 37.5 நியூட்டன் மீட்டர் இழுவை 6,500 சுற்றில் வருகிறது, பவர் 40 பிஎஸ். கிளாசிக்கின் பவரைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பார்க்க வட்ட லைட்டோடு பழைய வண்டி மாதிரி இருக்கும், முறுக்கினால் புது வண்டி. மதுரையிலிருந்து திருச்சிக்கோ திருநெல்வேலிக்கோ நால்வழிச் சாலையில் வாராவாரம் போகிறவருக்கு அதுதான் பொருத்தம். கிளாசிக்கிலும் சிபி350-லும் 80, 90 வரை சுகமாகப் போகலாம். நூறைத் தாண்டி மணிக்கணக்கில் விரட்ட அந்த இன்ஜின்கள் செய்யப்படவில்லை.

பழைய புல்லட் ஓட்டிய கைக்கு இன்னொரு வித்தியாசமும் தெரியும். அந்த 346 சிசி இன்ஜினில் அதிர்வைச் சமன் செய்யும் பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது, கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் ரெண்டாகத் தெரியும். புது இன்ஜினில் பேலன்சர் இருக்கிறது. "புல்லட்டோட உயிரே போச்சு" என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ராமேஸ்வரம் போய் அதே நாளில் திரும்பி வந்தால் அந்த வருத்தம் இருக்காது என்பது என் எண்ணம்.

நான் ஐந்தடி மூன்று அங்குலம். 195 கிலோ வண்டி எனக்குச் சரிப்படுமா?

ஓடும்போது சரிப்படும். நிறுத்தும்போதும் தள்ளும்போதும்தான் பார்க்க வேண்டும். ஸ்பிளெண்டர் 112 கிலோ. கிளாசிக்கும் புல்லட்டும் 195, ஹைனஸும் ஹண்டரும் 181, ஸ்பீடு 400-ல் 176, டபிள்யூ175 வெறும் 135. வருஷக்கணக்காக ஸ்பிளெண்டர் ஓட்டியவர் கிளாசிக்கில் ஏறினால் கூடுதலாக ஒரு ஆளைத் தள்ளுகிற மாதிரி.

சீட் உயரம் காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், கிளாசிக் 805 மில்லிமீட்டர், சிபி350 800, ரோனின் 795. ஆனால் சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாமல் போகும். அதனால் எண்ணை நம்பாமல் உட்கார்ந்து பாருங்கள், தினமும் போடும் செருப்போடு. ஷூவில் கால் எட்டுவதும் செருப்பில் எட்டுவதும் வேறு வேறு.

அடுத்து இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைப் பின்னோக்கித் தள்ளுங்கள். மாசி வீதிகளில் கடை வாசலில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே சொருகியதை வெளியே எடுப்பது தினசரி வேலை. வீட்டு வாசலில் சாய்தளம் இருந்தால் அதில் ஏற்ற முடிகிறதா என்று பார்க்க, ஷோரூம்காரரிடம் வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லலாம். பலர் கொண்டுவருகிறார்கள். சென்டர் ஸ்டாண்டும் போட்டுப் பாருங்கள். கிளாசிக், புல்லட்டில் அது உண்டு, ஸ்பீடு 400-ல் கிடையாது.

பின்னால் மனைவியும் அம்மாவும் உட்காருவார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் ஊரில் பைக் என்பது குடும்ப வண்டி. தெப்பக்குளத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இரண்டு பேராகத்தான் போகிறோம். அப்படியிருக்க, ஓட்டுகிறவர் மட்டும் டெஸ்ட் ரைடு போய் முடிவெடுப்பது எந்த விதத்தில் நியாயம்?

முதலில் சேலை கார்டு. பின் சக்கரத்தில் துணி சிக்காமல் குறைந்தது பாதிச் சக்கரத்தை மறைக்கும் தடுப்பு, பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க இடம், இவை மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கின்றன. "அழகு கெடுது" என்று சேலை கார்டைக் கழற்றிவிடும் இளவட்டங்களைப் பார்க்கிறேன். முந்தானையோ துப்பட்டாவோ ஸ்போக்ஸில் சுற்றினால் கண் இமைக்கும் நேரத்தில் ஆளை இழுத்துக் கீழே போட்டுவிடும். தயவுசெய்து கழற்றாதீர்கள். விற்பவர் கழற்றித் தந்தாலும் மாட்டச் சொல்லி வாங்குங்கள்.

இரண்டாவது சீட். புல்லட் 350-ல் முன்னும் பின்னும் ஒரே நீளச் சீட், வயதானவர்களுக்கு அதுதான் சௌகரியம். ஹண்டரிலும் ஸ்பீடு 400-லும் பின்சீட் சின்னது. ஒரு பக்கமாக உட்கார்ந்து பழகிய அம்மாவுக்கு, காலை ஊன்றி ஏறத் தோதான படி இருக்கிறதா, பிடிக்கக் கம்பி எட்டுகிறதா என்று அவரையே உட்கார வைத்துப் பாருங்கள். ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பது போதாது. வேகத்தடை, குண்டும் குழியுமான சந்து எல்லாம் உள்ள வழியில் இரண்டு மூன்று கிலோமீட்டராவது அவரோடு போங்கள். இறங்கியதும் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "இடுப்பு வலிக்குதா, கால் எட்டுச்சா, பயமா இருந்துச்சா" என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

அவருக்குச் சரிவரவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மதுரை வெயிலில் இன்ஜின் சூடு தாங்குமா?

இன்ஜின் தாங்கும், கால்தான் தாங்க வேண்டும். கிளாசிக் காற்றிலும் ஆயிலிலும் குளிரும் வகை, சிபி350 காற்றில் குளிரும் வகை. ஜாவாவுக்கும் ஸ்பீடு 400-க்கும் கூலன்ட், ரேடியேட்டர் உண்டு. ரேடியேட்டர் உள்ள வண்டி இன்ஜினைச் சரியான சூட்டில் வைத்துக்கொள்ளும், ஆனால் நெரிசலில் அதன் ஃபேன் ஓடும்போது சூட்டுக்காற்று முழங்காலில் அடிக்கலாம். சித்திரையில் ஊரே அழகரைப் பார்க்கத் திரண்டிருக்கும்போது அரை மணி நேரம் ஊர்ந்து பார்த்தவருக்கு இது புரியும்.

காலை எட்டு மணிக்கு டெஸ்ட் ரைடு போகாதீர்கள். மதியம் இரண்டு மணிக்குக் காளவாசல் பக்கம் ஒரு சுற்று போய்வாருங்கள்.

மைலேஜ்?

350 வண்டிகளில் லிட்டருக்கு 30 முதல் 35 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நிதானமாக ஓட்டினால் ஹோண்டா கொஞ்சம் கூடுதலாகத் தரும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜும் சற்றுக் குறையும். புது வண்டிகள் அந்தப் பெட்ரோலுக்கு ஏற்றபடி செய்யப்பட்டவைதான், பயம் வேண்டாம். மைலேஜ்தான் முக்கியம் என்றால் இந்த வகை வண்டி உங்களுக்கு வேண்டாம்.

ஸ்போக்ஸ் சக்கரமா, அலாய் சக்கரமா?

அழகுக்கு ஸ்போக்ஸ், சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வகையில் ஸ்போக்ஸ் என்றால் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும். டியூப் உள்ள டயரில் முள் ஏறினால் காற்று உடனே இறங்கிவிடும், சக்கரத்தைக் கழற்றித்தான் பஞ்சர் ஒட்ட வேண்டும். டியூப்லெஸ்ஸில் மெதுவாக இறங்கும், கழற்றாமலே ஒட்டிவிடலாம்.

இது நம் பக்கத்தில் சின்ன விஷயமல்ல. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் என எந்தக் கிராமத்து ரோட்டில் இறங்கினாலும் இருபுறமும் சீமைக்கருவேலம். முள் வெட்டிப்போட்ட வண்டிப் பாதையில் தினமும் தோட்டத்துக்குப் போகிறவர் அலாய் எடுப்பதே நல்லது. கிளாசிக்கிலேயே சில வண்ணங்கள் அலாய் சக்கரத்தோடு டியூப்லெஸ்ஸாக வருகின்றன. ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர், தெருமுனையில் பஞ்சர் கடை இருக்கிறவர், ஆசைப்பட்டபடி ஸ்போக்ஸே எடுக்கலாம். ஸ்போக்ஸில் வாரம் ஒருமுறை துணி போட்டுத் துடைக்க மனசு வேண்டும், இல்லையென்றால் துரு பிடிக்கும்.

கிக்கர் இல்லையே, பேட்டரி இறங்கினால் என்ன செய்வது?

புது கிளாசிக்கிலும் புல்லட்டிலும் கிக்கர் கிடையாது. அப்பாக்கள் முதலில் கேட்பது இதைத்தான். பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தானாக இறங்கும், உதைத்தால் போதும். இப்போதைய வண்டிகளில் பெட்ரோலைத் தள்ளவே மின்சார பம்ப் இருக்கிறது. பேட்டரி முழுதாகச் செத்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கடினம். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காமல், வாரத்துக்கு ஒருமுறையாவது நல்ல தூரம் ஓட்டுங்கள். வெளிநாட்டு வேலையில் இருந்து வருஷம் ஒருமுறை வருகிறவர் என்றால், போகும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

350-க்கு மேலே போகலாமா?

போகும் முன் வரியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். அடக்க விலை 1,70,000 ரூபாய் என்றால் 18 சதவீதத்தில் 2,00,600 ஆகிறது. அதே அடக்க விலைக்கு 40 சதவீதத்தில் 2,38,000. அதோடு, புது வண்டிக்கு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டிய மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், 2022-ல் அறிவித்த கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், 350-க்கு மேல் 15,117 ரூபாய். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இரு சக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 12 சதவீதம். அது வண்டி விலை ஏற ஏற தானும் ஏறும்.

நெடுஞ்சாலையில் நிறைய ஓட்டுகிறவருக்கு இந்தக் கூடுதல் பணம் வீண் போகாது. இரட்டை சிலிண்டர் இன்டர்செப்டரில் 47 குதிரைசக்தி, நால்வழிச் சாலையில் அலுங்காமல் போகும். மாட்டுத்தாவணிக்கும் பெரியார் நிலையத்துக்கும் போய்வர அது தேவையில்லை. கிளாசிக் 650 ஏறக்குறைய 243 கிலோ, அதை வடக்கு மாசி வீதியில் நிறுத்த இடம் தேடுவதை நினைத்துப் பாருங்கள்.

ஆன்ரோடு விலையில் எதைக் குறைக்கலாம்?

வரியும் பதிவுக் கட்டணமும் குறையாது. இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பகுதி கட்டாயம், சொந்த வண்டி சேதத்துக்கான பகுதியை வெளியில் விசாரித்து ஒப்பிடலாம். அவர்கள் தரும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்ற சட்டம் இல்லை. 'ஹேண்ட்லிங்' என்று தனியாக ஒரு கட்டணம் போட்டிருந்தால் அது எதற்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள், பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். லெக் கார்டு, சீட் கவர், டேங்க் கவர் என்று கேட்காமலே சேர்த்திருப்பார்கள், வேண்டாததை அடித்துவிடுங்கள். சேலை கார்டுக்கும் கைப்பிடிக்கும் தனிக் காசு கேட்டால் விதியைச் சொல்லுங்கள். ஹெல்மெட்டும் வண்டியோடு தர வேண்டியதுதான்.

ஆடி மாதத்தில் நம் ஆட்கள் வண்டி எடுக்க யோசிப்பார்கள், ஷோரூம் காலியாக இருக்கும், பேச நேரம் கிடைக்கும். ஆடியில் புக் செய்துவிட்டு ஆவணியில் டெலிவரி எடுக்கிறவர்கள் விவரமானவர்கள். ஆயுத பூஜை வாரத்தில் கூட்டம் அலைமோதும், நிதானமாக ஒரு டெஸ்ட் ரைடுகூடக் கிடைக்காது.

கொடைக்கானல், சிறுமலை ஏறுமா?

ஏறும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் போடிமெட்டின் 17 வளைவுகளையும் நீள ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு பேரோடு இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே இழுத்துவிடும்.

இறங்குவதில்தான் கவனம் வேண்டும். 195 கிலோவோடு இரண்டு பேர் எடையும் சேர்ந்து தள்ளும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், சூடேறினால் பிடிமானம் குறையும். திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் 125 சிசிக்கு மேல் கட்டாயம் என்றாலும், சில மலிவு வேரியண்டுகளில் பின்னால் டிரம் பிரேக்கும் முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸும்தான். மலைக்கு அடிக்கடி போகிறவர் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ளதை எடுங்கள், அந்தச் சில ஆயிரங்களில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சைலன்சர் மாற்றலாமா?

வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு சத்த விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸையும் மூன்று மாதம் நிறுத்தி வைக்கலாம். சட்டத்தை விடுங்கள், கோரிப்பாளையத்தில் ராஜாஜி ஆஸ்பத்திரி வார்டுகளில் படுத்திருப்பவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது.

பழைய புல்லட்டையே வாங்கலாமே?

பக்கத்தில் நம்பிக்கையான மெக்கானிக் இருந்து, ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுக்க முடியும் என்றால் வாங்குங்கள், அது தனி சந்தோஷம். தினமும் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவர் புதிதையே எடுங்கள்.

சர்வீஸ் எப்படி?

உங்கள் வீட்டிலிருந்து சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்பதை முதலில் பாருங்கள். மதுரைக்குள் இருப்பவருக்கு எந்தக் கம்பெனியானாலும் பெரிய சிரமமில்லை. பேரையூர், எழுமலைப் பக்கம் இருப்பவர், ஊர் மெக்கானிக்குக் கை பழகிய வண்டியை எடுப்பது நல்லது, அந்த வகையில் ராயல் என்ஃபீல்டுக்கே வாய்ப்பு அதிகம். ஸ்பீடு 400-க்கு 16,000 கிலோமீட்டருக்கு அல்லது வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ் போதும், கிளாசிக்குக்கு 10,000-த்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றம். இடையில் செயினைத் துடைத்து எண்ணெய் போடுவது உங்கள் வேலை.

டெலிவரி அன்று என்ன பார்க்க வேண்டும்?

பணம் முழுதும் கட்டும் முன் வண்டியைப் பாருங்கள். எந்த மாதம் தயாரித்தது என்று கேட்டு, சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பில்லோடு ஒப்பிடுங்கள். டேங்க்கில் கீறல், மட்கார்டு ஓரத்தில் துரு, டயரில் காற்று, எல்லா விளக்கும், ஹாரனும். வெயிலில் நிறுத்திப் பாருங்கள், ஷோரூம் விளக்கில் கீறல் தெரியாது. நம்பர் பிளேட் மாட்டாமல் வெளியே எடுக்காதீர்கள்.

பாண்டி கோவிலுக்குப் போய்ப் பூஜை போடுகிறவர்கள் எலுமிச்சம்பழம் நசுக்கியதும் டயரை ஒரு தரம் கழுவிவிடுங்கள், புது டயர் முதல் நூறு கிலோமீட்டர் வரை ஏற்கெனவே வழுக்கும். இன்ஜினை ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், முதல் சர்வீஸ் வரை முறுக்க வேண்டாம். ராயல் என்ஃபீல்டில் அது 500 கிலோமீட்டரிலேயே வந்துவிடும். அதைத் தள்ளிப்போட்டால் வாரண்டி கேட்கும்போது பிரச்சினை வரும்.